42 மாத நெருப்பு

அமெரிக்கக் கிழக்குக் கரையின் செஸபீக் விரிகுடாவில் பாய்மரப்படகு வைத்திருப்பவர்கள் மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வாங்கியே தீரவேண்டிய பொருள் ஒன்று உண்டு. தீர்ந்துபோனதால் அல்ல, தொடாமலே நாள் கடந்துவிட்டதால். ஃப்ளேர் என்று எல்லோரும் சொல்கிற அபாயச் சுடர் அது. படகுக்குள் தண்ணீர் ஏறும்போதோ, கம்பம் முறிந்து கரை தெரியாமல் அலையும்போதோ கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு நெருப்பு. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஒப்புதல் பெற்ற ஃப்ளேரின் ஆயுள், தயாரித்த மாதத்திலிருந்து 42 மாதம். கடை அலமாரியில் கிடந்த காலமும் அந்தக் கணக்கில்தான் சேரும். குழாயில் அச்சடித்த மாதம் முடிந்துவிட்டால், சட்டத்தைப் பொறுத்தவரை அது படகில் இல்லாததற்குச் சமம்.

விதி சிக்கலானது இல்லை. 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகு கடலோர நீரிலோ பேரேரிகளிலோ போனால், பகலுக்கு மூன்று, இரவுக்கு மூன்று அபாய அடையாளங்கள் இருக்கவேண்டும். கையில் பிடிக்கும் சிவப்பு ஃப்ளேர் பகல், இரவு இரண்டுக்கும் செல்லும் என்பதால் மூன்றே மூன்று இருந்தாலும் சட்டம் திருப்தியடைந்துவிடும். இன்ஜின் இல்லாத, 26 அடிக்குக் குறைந்த திறந்த பாய்ப்படகுகளுக்குப் பகலில் விலக்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இந்த விதி பெரிதாக மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம்தான் முழுக்க மாறிவிட்டது. அந்த மாற்றத்தை ஒரு படகின் பெட்டிக்குள்ளிருந்தே பார்த்தவன் என்பதால் இதை எழுதத் தோன்றுகிறது.

1990களின் நடுவில் நானும் தூத்துக்குடிக்காரர் ஒருவரும் பங்கு போட்டு ஒரு பழைய 27 அடிப் படகை வாங்கினோம். அவர் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டு அமெரிக்காவில் கரையேறியவர். எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அந்தப் படகில் அப்போது இருந்த மின்சாதனங்கள், ஒரு விஎச்எஃப் ரேடியோவும் ஆழம் காட்டும் கருவியும் மட்டும். கைபேசி எங்கள் இருவரிடமும் இல்லை. படகை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்குவதற்கு முந்தின வாரம், அன்னாபொலிஸ் பக்கத்தில் படகுச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு என்னை அழைத்துப் போனார்.

மரத்தரை போட்ட கடை. தார் பூசிய கயிற்றின் வாசனை. ஃப்ளேர்களை முதலாளி கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார். நாங்கள் கேட்டதும் முன்வரிசையில் இருந்ததை எடுத்துத் தராமல், பின்னால் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். குழாயின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, தேதியைப் படித்துக் காட்டினார். "முன்னால் இருப்பது உங்களுக்கு மூன்று வருடம்கூட வராது, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு கொளுத்தாத அந்தக் குழாயை என் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பாய், காட்டு என்றார். நான் நேராக நிமிர்த்திப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சாய்த்தார். "காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். படகுக்கு வெளியே. முகத்தைத் திருப்பிக்கொள். உருகிச் சொட்டுவது தண்ணீரில் விழவேண்டும். உன் கால்மேல் இல்லை." மூன்று குழாய் வாங்க வந்தவனுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கினார். அவர் செய்தது வியாபாரம் மட்டுமில்லை.

அண்ணாச்சிக்கு மூன்று போதவில்லை. "சட்டம் மூணு போதும்னு சொல்லும் தம்பி. கடலு சொல்லுமா?" என்று ஆறு வாங்கினார். விரிகுடாவுக்கு வெளியே கேப் சார்லஸ், கேப் ஹென்றி முனைகளைத் தாண்டிப் போகிற அன்றைக்குப் பாராசூட் ராக்கெட்டும் வேண்டும் என்று தனியாகப் பணம் சேர்த்தார். கப்பலில் அவர் பழகியது சோலாஸ் தரம். உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்குமான உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் அது. அந்தத் தரத்துக் கைச்சுடர் ஒரு நிமிடம் எரியும். ஆனால் அதன் வெளிச்சம் 15,000 கேண்டெலா. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் கைச்சுடருக்கு விதி கேட்பது 500 கேண்டெலாதான். கொஞ்சம் கூடுதல் நேரம் எரியும், அவ்வளவே. பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் ஏறி, 40 விநாடி 30,000 கேண்டெலா வெளிச்சத்தோடு மெல்ல இறங்கும். துப்பாக்கியில் சுடும் சின்னக் குண்டுகளும் உண்டு. அவை ஆறேழு விநாடியில் அணைந்துவிடும். பார்க்க வேண்டியவர் அந்த நேரம் டீ ஊற்றிக்கொண்டிருந்தால் போச்சு.

இந்தக் கணக்குகளை அண்ணாச்சி படகில் உட்கார்ந்து எனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. படகின் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண், தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குத் தொடுவானம் மூன்று கடல் மைல்தான். அதற்கு அப்பால் கடலே கண்ணை மறைத்துவிடும். 300 மீட்டர் மேலே எரியும் வெளிச்சமோ, வானம் தெளிவாக இருந்தால் முப்பது கடல் மைலுக்கு அப்பாலும் தெரியவேண்டும். அதனால் முதலில் ராக்கெட். ஒன்றைப் பார்த்தவர் 'என்னது அது' என்று திரும்புவார். சிறிது இடைவெளியில் இரண்டாவதை விட்டால் திசையைக் குறித்துக்கொள்வார். கைச்சுடரை மட்டும் கடைசி வரை வைத்திரு, ஆள் வருவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு கொளுத்து. ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பும் குணமுள்ளது. அதனால் காற்று போகும் பக்கம் லேசாகச் சாய்த்து விடு. மேகம் தாழ இருந்தால் இன்னும் சாய்த்து விடு, இல்லாவிட்டால் மேகத்துக்கு மேலே போய் யாருக்கும் தெரியாமல் எரியும். ஹெலிகாப்டர் வந்துவிட்டால் ராக்கெட்டைத் தொடவே தொடாதே. பகலாக இருந்தால் ஆரஞ்சுப் புகை போடு, விமானிக்குக் காற்றின் திசையும் தெரியும். இவ்வளவும் ஒரு மாலைப் பாடம்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஸ்ட்ரோன்டியம் நைட்ரேட். தீபாவளிக்குக் கொளுத்துகிற சிவப்பு மத்தாப்பின் நிறமும் அந்த உலோகத்தின் உப்பிலிருந்து வருவதுதான். மெக்னீசியம் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. எரிய ஆக்சிஜன் தருவதற்குப் பல ஃப்ளேர்களில் பெர்குளோரேட் சேர்க்கிறார்கள். இந்தப் பெர்குளோரேட்டைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலில் நெருப்பைக் காட்டி உதவி கேட்பது பழைய வழக்கம். இன்றைய சர்வதேசக் கடல் விதிகளிலும் அபாய அடையாளங்களின் பட்டியலில் தார்ப் பீப்பாயைக் கொளுத்துவது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கையில் பிடிக்கவும், நிறத்தை வைத்துப் பொருள் சொல்லவும் முடிகிற ஃப்ளேர், ஓர் இளம் விதவையின் பிடிவாதத்தால் வந்தது. மார்த்தா காஸ்டன் என்ற அமெரிக்கப் பெண்ணின் கணவர் 1848இல் இறந்தபோது, கப்பல்கள் இரவில் பேசிக்கொள்ளும் சுடர்களைப் பற்றிய அரைகுறைக் குறிப்புகளை விட்டுப்போனார். அவற்றை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஏறத்தாழ பத்தாண்டு போராடினார். வேதியியல் அவர் படித்த படிப்பில்லை. சிவப்பும் வெள்ளையும் கிடைத்துவிட்டன. பளிச்சென்று தெரியும் மூன்றாவது நிறம் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பச்சையைப் பிடித்தார். 1859இல் காப்புரிமை கிடைத்தது, இறந்துபோன கணவரின் பெயரில். அமெரிக்கக் கடற்படை 1861இல் 20,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. பிற்பாடு, இந்தக் கிழக்குக் கரையில் இரவெல்லாம் மணலில் நடந்து ரோந்து பார்த்த உயிர்காப்புச் சேவைக்காரர்களின் பையில் காஸ்டன் சுடர்கள் இருந்தன. தரைதட்டிய கப்பலைக் கண்டால் அவர்கள் ஒன்றைக் கொளுத்திக் காட்டுவார்கள். 'உங்களைப் பார்த்துவிட்டோம்' என்பது அதன் பொருள். கரையில் நிற்பவரும் பதிலுக்கு நெருப்பைக் காட்டிய காலம் அது. ஃப்ளேர் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கலாம்.

பார்க்கிறவருக்குப் பொருள் விளங்காவிட்டால் நெருப்பால் பயனில்லை என்பதற்கு டைட்டானிக்கைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1912 ஏப்ரலில் அந்தக் கப்பல் விட்ட ராக்கெட்டுகள் வெள்ளை நிறம். எந்த நிறத்திலும் விடலாம் என்பதே அன்றைய விதி. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பனிக்கட்டிக்கிடையே நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் அதிகாரிகள் எட்டு ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள். கேப்டனிடமும் சொன்னார்கள். அது அபாய அழைப்பு என்று எவரும் தீர்மானிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வயர்லெஸ் ஆளை விடியும்வரை எழுப்பவும் இல்லை. இன்றைக்குச் சிவப்பு என்றால் ஆபத்து என்று உலகம் முழுக்க முடிவாகிவிட்டது. இருந்தும், கரையோர வீட்டு மாடியிலிருந்து தண்ணீரில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்ப்பவர்கள் யாரோ வாணவேடிக்கை விடுகிறார்கள் என்று எண்ணிப் படுக்கப் போவதுண்டு. செஸபீக் கரையில் வீடு வாங்கும் நம்மவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. தண்ணீர்மேல் சிவப்புச் சுடரைப் பார்த்தால் உடனே 911ஐக் கூப்பிடுங்கள். தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போதைய படகுக்கு வருகிறேன். அண்ணாச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார், வயதாகிவிட்டது. படகும் வேறு. ரேடியோவில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் எங்கள் படகின் அடையாள எண்ணும், நிற்கிற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் சுற்றியுள்ள கப்பல்களுக்கும் கடலோரக் காவல் படைக்கும் போய்ச் சேரும். அறையின் சுவரில் இபெர்ப் என்ற மஞ்சள் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் அது கூப்பிட்டால் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் கேட்கும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, பிரான்ஸோடு கைகோத்து அமைத்த ஏற்பாடு அது. 1982இலிருந்து உயிர்களைக் காத்துவருகிறது. கருவியைப் பதிவுசெய்யக் கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே, சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே இப்போது செயற்கைக்கோளோடு பேசுகிறது.

என் மகள் கேட்டாள்: "அப்பா, ஃபோன்லயே எஸ்ஓஎஸ் இருக்கு. இந்த வெடியெல்லாம் படகுல எதுக்கு? இதுதான் ஆபத்து." நியாயமான கேள்வி. எரிவாயு அடுப்பும் டீசல் தொட்டியும் இருக்கிற படகில் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சாமானை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வாயால் சொல்லும் பதிலைவிட, அவளும் உடனிருந்த ஓர் இரவே அவளுக்குப் பதிலானது.

தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே வந்துகொண்டிருந்தோம். கோடை இரவு, நிலா இல்லை. ரேடியோவின் பதினாறாம் சேனலில் ஒருவர் உதவிக்குக் கூப்பிட்டார். இன்ஜின் நின்றுவிட்டது, பெரிய கப்பல்கள் போகும் தடத்தை நோக்கி நீரோட்டம் இழுக்கிறது, படகில் இரண்டு குழந்தைகள். இருக்குமிடத்தை எண்ணாகச் சொன்னார், தெளிவாகவே சொன்னார். காவல் படைப் படகு கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்த நாங்களும் இன்னொரு படகும் திரும்பினோம். எங்கள் திரையில் அவர் சொன்ன புள்ளி இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் கரை முழுக்க வெளிச்சம்: வீடுகள், படகுத்துறைகள், சாலை விளக்குகள், மினுங்குகிற மிதவைகள். அவர் தன் வெள்ளை விளக்கை ஆட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த விளக்குக் கூட்டத்தில் எது அவருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்கள் எங்களை அவரிடம் அரை மைல் வரை கூட்டிவந்துவிட்டன. மீதியைக் கண்தான் செய்ய வேண்டியிருந்தது.

"சிவப்பு ஃப்ளேர் இருக்கிறதா?" என்று காவல் படை கேட்டது. ஒரு நிமிடம் போயிற்று. பிறகு எங்கள் இடப்பக்கம், நாங்கள் எவரும் பார்த்துக்கொண்டிருக்காத திசையில், தண்ணீரை ஒட்டிச் சிவப்பாக ஒன்று பற்றி எரிந்தது. கரையின் விளக்குகள் அத்தனையும் அதன் முன்னால் மங்கிப்போயின. மூன்று படகும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின. என் மகள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த மனிதருக்கு உள்ளங்கை கொப்பளித்துப்போயிருந்தது. சுடரைப் படகுக்கு உள்ளே நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். உருகிய குழம்பு மெத்தையில் விழுந்து ஓட்டை போட்டிருந்தது. குழந்தைகள் அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய ஃப்ளேர் காலாவதியாகவில்லை. தேதி தவறாமல் புதுப்பித்துவந்திருக்கிறார். வாழ்க்கையில் ஒன்றைக்கூடக் கொளுத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பெட்டியின் மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த செய்முறையை, இருட்டில், ஆடும் படகில், குழந்தைகள் அழ, டார்ச் அடித்துப் படித்திருக்கிறார்.

எனக்கு இதில்தான் வருத்தம், கோபமும் உண்டு. சட்டம் 42 மாதத்துக்கு ஒருமுறை பொருளைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதைப் பிடிக்கப்போகிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று கடைக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிய இடத்தில் இன்று இணையத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அபாயகரமான சரக்கு என்று கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, சாய்சதுர எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, விமானத்தில் ஏற்றாமல் லாரியில் அனுப்புகிறார்கள். பெட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. பின்வரிசையில் கைவிட்டு நல்ல தேதியாகப் பார்த்து எடுத்துத் தர ஆள் இல்லை; அனுப்பியதில் எட்டு மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தால் அதுவும் நம் கணக்கில். அனுப்பும்வரை அதைச் சரக்காக நினைத்து அத்தனை கவனம் காட்டுகிறவர்கள், நம் கைக்கு வந்த பிறகு அது நெருப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழையதை என்ன செய்வது என்பது இன்னொரு துயரம். புதியதை வாங்கியதும் பழையதைத் துணைக்கு வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம், தப்பில்லை. ஆனால் உப்புக்காற்றில் கிடந்த குழாய் ஈரம் ஏறி, உலோகம் அரித்து, ஒருநாள் கொளுத்தும்போது பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு எரியலாம். அதனால் ஒரு கட்டத்தில் கழித்துத்தான் ஆகவேண்டும். எங்கே? தீயணைப்பு நிலையத்தில் கேட்டேன். எங்களிடம் இல்லை என்றார்கள். அபாயக் கழிவு வாங்கும் நாள் என்று ஓர் உள்ளாட்சி அலுவலகம் அறிவித்ததைப் பார்த்துப் பெட்டியோடு வரிசையில் நின்றேன். பெயின்ட், பூச்சி மருந்து, பழைய பேட்டரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவர்கள் இதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்கள். வெடிபொருள் எடுப்பதில்லையாம். வாங்கிய கடை திரும்ப வாங்காது. தபாலில் அனுப்பக் கூடாது. நாட்டில் பல ஊர்களில் நிலைமை இதுதான். வாங்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிற பொருளை, கழிக்க ஓர் இடம் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

வழி இல்லாதபோது மனிதர்கள் தப்பான வழியைக் கண்டுபிடிப்பார்கள். குப்பைத் தொட்டியில் போட்டால், அதை அமுக்கும் லாரியில் தீப்பிடிக்கும். அங்கே வேலை செய்கிறவரின் கை போகும். தண்ணீரில் எறிந்தாலோ மண்ணில் புதைத்தாலோ பெர்குளோரேட் கரைந்து கிணற்று நீர்வரை போகும். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிற பொருள் அது. ஜூலை 4 அன்று ஊரே வாணம் விடுகிறதே, நாமும் இதை விடுவோம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆபத்து இல்லாதபோது அபாயச் சுடர் காட்டுவது பொய் அழைப்பு. தெரிந்தே செய்தால் கூட்டரசுச் சட்டப்படி கடுங்குற்றம், சிறை உண்டு, தேடப் புறப்பட்ட படகுக்கும் ஹெலிகாப்டருக்கும் ஆன செலவையும் கட்டவேண்டும். அதைவிட முக்கியம், அந்த இரவில் உண்மையாகவே கூப்பிடுகிறவர் ஒருவர் இருக்கக்கூடும். சில இடங்களில் கடலோரக் காவல் படையின் துணைப்படைத் தொண்டர்கள் பயிற்சிக்காகப் பழைய ஃப்ளேர்களை வாங்கிக்கொள்கிறார்கள். நான் என்னுடையதைக் கடைசியில் அப்படித்தான் சேர்த்தேன். உங்கள் பக்கத்தில் அப்படி யாரும் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். சொல்லாமல் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் முடிவு கட்டுவதாக வந்திருப்பது மின்விளக்கு. பேட்டரியில் எஸ்ஓஎஸ் என்று தானாக மினுங்கும். ஒப்புதல் பெற்ற விளக்கு இரவுக்கும், கறுப்புச் சதுரமும் வட்டமும் போட்ட மூன்றடி ஆரஞ்சுக் கொடி பகலுக்கும் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும், நெருப்பே வேண்டாம். மணிக்கணக்கில் எரியும், கையைச் சுடாது, காலாவதி கிடையாது, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். நான் ஒன்று வாங்கியிருக்கிறேன். குழந்தைகள் ஏறும் படகில் அது இருப்பது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகமாட்டேன். அண்ணாச்சியிடம் போனில் சொன்னபோது அவர் சொன்னது: "தம்பி, மினுங்குத விளக்கப் பாத்தா மிதவைன்னு நெனப்பான். எரியுத தீயப் பாத்தா எவனுக்கும் தெரியும்." கரை விளக்குகளுக்கு நடுவே அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு, அவர் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொலைவில் இருப்பவரைக் கூப்பிட ரேடியோவும் இபெர்பும். காத்திருக்கும் மணிக்கணக்குக்கு மின்விளக்கு. வந்தவரை நேராக நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் கடைசி மைலுக்கு நெருப்பு. மூன்றுமே வேண்டும்.

கொளுத்திப் பழக வழி இருக்கிறது. யுஎஸ் செய்லிங் அமைப்பின் 'சேஃப்டி அட் சீ' செய்முறை வகுப்புகளில் அதற்குச் சொல்லித்தருகிறார்கள். முன்கூட்டியே காவல் படைக்குத் தெரிவித்துவிட்டு நடத்துவதால் யாரும் பதறிப்போய்த் தேடிவரமாட்டார்கள். மகளை அழைத்துப்போனேன். தோல் கையுறை போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றினாள். மூடியின் தலையில் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பதுபோல் ஒரு சொரசொரப்பு. குழாயின் முனையில் ஒரு கறுப்புப் பொட்டு. தன் உடம்புக்கு எதிர்ப்புறமாக ஒரே உரசல். சீறிக்கொண்டு பிடித்தது. கையை நீட்டி, வெளிப்பக்கம் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொட்டியதெல்லாம் தண்ணீரில் விழுந்து சுரீர் சுரீர் என்றது. "இவ்வளவு சூடா இருக்கும்னு நினைக்கலப்பா" என்றாள். அது அணைந்ததும் கேட்டு வாங்கி இன்னொன்றைக் கொளுத்தினாள். இரண்டாவது முறை கை நடுங்கவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் படகு வாங்கும் தமிழர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தேதியைப் பார்த்து வாங்குங்கள், தள்ளுபடி என்று முடியப்போவதை வாங்காதீர்கள். பெட்டியோடு ஒரு தோல் கையுறையைச் சேர்த்து வையுங்கள். செய்முறையைப் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பெட்டியை இன்ஜின் பக்கமோ அடுப்புப் பக்கமோ வைக்காமல், படகை விட்டு இறங்கும்போது தூக்கிக்கொண்டு போகும் பையில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் வகுப்பில் ஒன்றைக் கொளுத்திப் பழகுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போய், பழைய ஃப்ளேர் கழிக்க ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள் என்று கேளுங்கள்; பத்துப் பேர் கேட்டால் நடக்கும். படகில் ஏறும் விருந்தாளிக்கும் குழந்தைக்கும் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு துறையிலிருந்து கயிற்றை அவிழுங்கள்.